வேலைக்கு ஆள் எடுத்த கதை: குடவோலை முதல் நேர்முகத் தேர்வு வரை



நம் தெருக்களில் வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுகளுக்கும் படிக்கிற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் பிள்ளை தேறிவிட்டால் வீட்டில் மகிழ்ச்சி. கூடவே ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது: நேர்முகத் தேர்வு. "உள்ளே யாரையாவது தெரியுமா?", "எவ்வளவு கொடுக்கணுமாம்?" என்ற பேச்சு அதோடு தொடங்கிவிடுகிறது.

வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்தப் பேச்சின் விலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பக்கத்து கிராமத்து அம்மா ஒருவர் தாலிச் சங்கிலியைத் தவிர மீதி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். "பையனுக்கு வேலை வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு சார், முன்பணம் கட்டணுமாம்" என்றார். வேலையும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. தவணை கடந்து, கடைசியில் நகை ஏலத்துக்குப் போனது. இப்படி வந்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளின் வரலாற்றைப் பார்த்தால், அதில் பெரும்பகுதி சிபாரிசுக்கு வேலி போட்ட வரலாறாகவே இருக்கிறது. அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பானைக்குள் ஓலை

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919 மற்றும் 921ஆம் ஆண்டுகளில், அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுத்த விதத்தைச் சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். இவற்றோடு வேத சாஸ்திரப் பயிற்சியும் வேண்டும். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள்.

நிலமும் வேதமும் கேட்டதால் அது எல்லாருக்கும் திறந்த வாசல் அல்ல. ஆனாலும் கணக்கு எழுதிப் பிழைத்த என்னை அதில் ஒரு விதி நிறுத்தியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது. அவருடைய உறவினர்களும் வர முடியாது. தகுதியைக் கறாராகப் பார்த்தார்கள். கடைசித் தேர்வை மட்டும் மனிதன் கையில் விடாமல் குடத்துக்கு விட்டார்கள். செல்வாக்கு எந்த வழியாக நுழையும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

புதுச்சேரியில் ஒரு காலியிடம்

குடம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. வில்லியனூரிலிருந்து டவுனுக்குப் போகும்போது ரெட்டியார்பாளையத்தில் புனித அந்திரேயா கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 1745இல் அதைக் கட்டியவர் கனகராய முதலியார். அப்போது அவர் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசி. மறுவருடம் பிப்ரவரியில் அவர் காலமானார். அந்தப் பெரிய பதவி காலியானது.

அதற்கு யார் வருவது என்று நடந்த இழுபறியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். முதலியாரின் தம்பி ஒரு பக்கம், வேறு சிலர் இன்னொரு பக்கம். கிறிஸ்தவருக்குத்தான் தர வேண்டும் என்று பாதிரிமார் வற்புறுத்தினார்கள். கவர்னர் டூப்ளேயின் மனைவிக்கும் இதில் ஒரு கருத்து இருந்தது. எழுத்துத் தேர்வோ, மதிப்பெண்ணோ, விதியோ கிடையாது. கடைசியில் பதவி பிள்ளைக்கு வந்தது. வியாபாரத்தில் பல வருட அனுபவமும், வணிகர்களிடம் இருந்த நம்பிக்கையும், கவர்னருக்கு அவர்மேல் இருந்த மதிப்பும் அவருக்குத் துணை நின்றன.

தகுதியுள்ளவருக்கே கிடைத்தது என்று நாம் ஆறுதல் அடையலாம். ஆனால் அது ஒருவர் மனதைப் பொறுத்த ஆறுதல்தான். டூப்ளே 1754இல் பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். அதன்பின் இரண்டு வருடத்தில் பிள்ளையின் பதவியும் போனது. சிபாரிசில் வரும் வேலை சிபாரிசு செய்தவரோடு போய்விடும் என்பதை நம் ஊர் இப்படித்தான் கண்டது.

தேர்வு வந்தது, குதிரையும் வந்தது

ஆங்கிலேயர் பக்கத்திலும் முதலில் சிபாரிசுதான். கம்பெனி டைரக்டர்கள் கை காட்டியவர்களே இந்தியாவுக்கு அதிகாரிகளாக வந்தார்கள். அதை மாற்றி 1855இல் லண்டனில் பொதுப் போட்டித் தேர்வு தொடங்கியது. ஐ.சி.எஸ். அப்படித்தான் போட்டித் தேர்வானது. இந்தியாவிலேயே அந்தத் தேர்வை எழுத 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புதுச்சேரியை உலகம் அறியச் செய்த ஒருவர் அந்தத் தேர்வை எழுதியவர். ஸ்ரீ அரவிந்தர் 1890இல் 11ஆம் இடத்தில் தேறினார். ஆனால் இறுதித் தேர்வுகளில் குதிரையேற்றமும் ஒன்று. அந்தப் பணியில் விருப்பம் இல்லாத அவர் வேண்டுமென்றே அதைத் தவிர்த்தார், 1892இல் தகுதியிழந்தார். அதே சமயத்தில் பரோடா மன்னர் சாயாஜிராவ் லண்டன் வந்திருந்தார். இருவரும் நேரில் சந்தித்தார்கள். மாதம் 200 ரூபாய்ச் சம்பளத்தில் பரோடா சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1910இல்.

ஓர் இடத்தில் "தகுதியில்லை" என்று எழுதப்பட்டவரை இன்னோரிடம் அதே வருடத்தில் தகுதியானவர் என்று எடுத்துக்கொண்டது. ஒரு நேர்முகத்தில் பெயர் வராத பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

திருக்கோவிலூரில் வேலை கேட்டவர்

அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்த அதே 1910இல், விழுப்புரம் தாண்டித் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் ஓர் இளைஞர் குமாஸ்தா வேலை கேட்டு வந்தார். எஃப்.ஏ. தேறாதவர். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். ராமசாமி ஐயரும் கணிதம் அறிந்தவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தாலுகா ஆபீசின் கீழ்ப்படியில் உட்கார வைத்து இந்தத் திறமையைக் கெடுக்க மாட்டேன் என்று சொல்லி, சென்னையில் தெரிந்தவர்களிடம் அனுப்பி வைத்தார். வந்தவர் சீனிவாச ராமானுஜன்.

அடுத்து அவர் சந்தித்தது நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவை. முதல் பார்வையில் தோற்றம் ராமானுஜனுக்கு உதவவில்லை. சவரம் செய்யாத முகம், கசங்கிய தோற்றம். நோட்டில் இருந்ததை ராவால் எடைபோடவும் முடியவில்லை. மறுபடி வரச் சொன்னார். ராமானுஜன் போனார். எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு புரிகிறது என்று கவனித்து, முதலில் எளிய முடிவுகளைக் காட்டினார். பிறகு படிப்படியாகக் கடினமானவற்றுக்குப் போனார். ராவுக்கு நம்பிக்கை வந்தது, மாதாமாதம் உதவித்தொகையும் வந்தது.

சும்மா பணம் வாங்குவதில் ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 பிப்ரவரி 9ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தின் தலைமைக் கணக்கருக்கு விண்ணப்பம் எழுதினார். மெட்ரிக் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், மேலே படிக்க முடியாமல் போனதையும், அதன்பின் நேரமெல்லாம் கணிதத்தில் செலவிட்டதையும் உள்ளது உள்ளபடி அதில் சொன்னார். மார்ச் 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

கூட ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் இருந்தது உண்மைதான். ஆனால் கதவைத் திறந்தது அந்த நோட்டு. "டிகிரிக்குப் பிறகு இரண்டு வருடம் என்ன செய்தாய்?" என்று இன்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு ராமானுஜன் சொன்னதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும், அந்த நாட்களில் செய்ததைக் காட்ட வேண்டும்.

நேர்முகத்துக்கும் வேலி

1926இல் டெல்லியில் பொதுப்பணித் தேர்வாணையம் வந்தது. 1929இல் சென்னை மாகாணம் தனக்கென ஒரு தேர்வாணையத்தைச் சட்டம் போட்டு அமைத்தது. எழுத்துத் தேர்வோடு, பலர் சேர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும் முறையும் நிலைபெற்றது.

அங்கேயும் ஓட்டை இருந்தது. எழுத்தில் குறைந்தவரை நேர்முகத்தில் அள்ளிக் கொடுத்து மேலே ஏற்றலாம். இதற்கு உச்ச நீதிமன்றம் 1980இல் அஜய் ஹாசியா வழக்கில் ஒரு கோடு போட்டது. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துக்கு 100, நேர்முகத்துக்கு 50 மதிப்பெண். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் நேர்முகம். மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது நியாயமில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். 1985இல் ஹரியானா அரசுப் பணித் தேர்வு வழக்கில் 12.2 சதவீதம் என்ற அளவைக் காட்டினார்கள். இன்று ஐ.ஏ.எஸ். தேர்வில் மொத்தம் 2025. நேர்முகத்துக்கு 275 மட்டுமே.

மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளில் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகமே இல்லை. அரசு வங்கி குமாஸ்தா வேலைக்கும் இன்று நேர்முகம் கிடையாது; எழுத்துத் தேர்வும் தமிழ் தெரிகிறதா என்ற சோதனையும்தான். வங்கி அதிகாரி வேலைக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வில் எழுத்துக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதம். குமாஸ்தா வேலைக்கு "இன்டர்வியூவில் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் பணம் கேட்டால், இல்லாத இன்டர்வியூவுக்குக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே என்ன கேட்கிறார்கள்?

1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு கிராமங்களில் கிளைகள் பெருகின. என் போன்ற பி.காம். பட்டதாரிகளுக்கு அதனால்தான் வழி திறந்தது. அப்போது பி.எஸ்.ஆர்.பி. என்ற தேர்வு வாரியம் இருந்தது. குமாஸ்தாவுக்கும் நேர்முகம் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். டெபிட், கிரெடிட் கேட்பார்கள் என்று படித்துக்கொண்டு போனேன். அவர்கள் கேட்டது: "பாகூர் பக்கமா? அங்கே என்ன விளையும்? விவசாயிக்கு எந்த மாதம் பணம் தேவைப்படும்?" ஏரிப் பாசனம், நெல், கரும்பு, நடவுச் செலவு, அறுவடைக் கூலி என்று தெரிந்ததைச் சொன்னேன். அன்னியச் செலாவணி பற்றி ஒன்று கேட்டார்கள். "தெரியாது சார்" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

"தெரியாது" என்று சொல்வதில் வெட்கம் இல்லை. அமெரிக்காவில் தாமஸ் எடிசன் 1921 வாக்கில் வேலைக்கு வருபவர்களிடம் நூற்றுக்கு மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகள் கொண்ட தாளை நீட்டினார். அதில் கேட்கப்படுவது போல ஒலியின் வேகம் என்ன என்று ஐன்ஸ்டைனிடம் கேட்டபோது, புத்தகத்தில் கிடைப்பதை நான் மனதில் சுமப்பதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். நம் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், பணிவாகத் தெரியாது என்றால் போதும். ஊகித்து உளறினால்தான் மாட்டிக்கொள்வார்கள்.

நேர்முகத்துக்குப் போகிற பிள்ளைகள் நான்கு விஷயங்களைத் தயார் செய்தால் போதும் என்பது என் அனுபவம்.

முதலாவது, விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கணக்குச் சொல்லத் தெரிய வேண்டும். பொழுதுபோக்கு என்று "வாசித்தல்" போட்டால், கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று கேட்பார்கள்.

இரண்டாவது, சொந்த ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. வில்லியனூர்த் தேரை பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநரோடு தொடர்கிறது. "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் கிராமம்தானே என்று கூச்சப்படாமல் இவற்றைச் சொல்லலாம்.

மூன்றாவது, சேரப்போகும் நிறுவனம் என்ன செய்கிறது, அந்த வேலையில் அன்றாடம் என்ன இருக்கும் என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். மனதுக்குள் சரியாக இருக்கும் பதில் வாய்க்கு வரும்போது தடுக்கும். வீட்டில் அப்பா அம்மா முன்னால் உட்கார்ந்து பேசினாலும் போதும். ஆங்கிலம் தடுமாறினால் சிறு சிறு வாக்கியமாகப் பேசுங்கள்.

இதற்கு உதவியாக, ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் சங்க அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாதிரி நேர்முகம் நடத்தலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம். பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஒருவரும், பொதுப்பணித் துறையில் இருந்தவர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேசை, நான்கு நாற்காலி, ஒரு கடிகாரம் போதும். கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்களின் கிராமத்து நண்பர்களும் வரலாம். விண்ணப்பத்தின் நகல் ஒன்றைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள், முதல் கேள்வியை அதிலிருந்துதான் கேட்போம்.