கொக்கி, சக்கரம், தொகுதி: ரோலர் கோஸ்டர் பாதுகாப்பின் வரலாறு

1972 மே 30 அன்று லண்டன் பாட்டர்சீ பூங்காவில் ‘பிக் டிப்பர்’ ரோலர் கோஸ்டரின் வண்டித்தொடர் மேட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தபோது இழுவைக் கயிற்றிலிருந்து கழன்றது. பின்னோக்கி உருண்ட அதைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டிய தடை வேலை செய்யவில்லை. ஐந்து குழந்தைகள் இறந்தனர். பதின்மூன்று பேர் காயமடைந்தனர். பின்னோக்கி உருள்வதைத் தடுக்கும் கொக்கிக்கு அமெரிக்கப் பொறியாளர் ஜான் மில்லர் காப்புரிமை பெற்றது 1910இல். அதாவது, தீர்வு தெரிந்து அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அக்குழந்தைகள் இறந்தனர். இத்துறையின் பெரும் விபத்துகள் பல அறியாமையால் நேர்ந்தவை அல்ல, அறிந்ததைப் பேணாமல் விட்டதால் நேர்ந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரோலர் கோஸ்டரின் மூதாதை ரஷ்யாவின் பனிச்சறுக்கு மேடு. மரச்சட்டங்களின் மேல் தண்ணீர் ஊற்றி உறையவைத்து அதில் சறுக்கினார்கள். பனி நிலைக்காத பாரிசுக்கு இவ்விளையாட்டு வந்தபோது சக்கரம் தேவைப்பட்டது. சக்கரம் வந்ததும் அது தடம் விலகும் ஆபத்தும் கூடவே வந்தது. 1817இல் பெல்வில் பகுதியில் அமைந்த சறுக்கில் அச்சின் முனைகள் பக்கச்சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் ஓடின. வண்டியைத் தடத்தோடு பிணைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே முளைத்துவிட்டது.

ஆனால் 1884இல் லாமார்கஸ் தாம்சன் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் அமைத்த பாதைக்கு அந்தப் பிணைப்பே அவசியமாக இருக்கவில்லை. வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். ஒரு முனையில் பயணிகள் இறங்க, ஊழியர்கள் வண்டியை அடுத்த தடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். கூட்டம் பெருகியதும் உயரமும் வேகமும் கூடின. 1895இல் அதே கோனி ஐலண்டில் தலைகீழாகச் சுழலும் ‘ஃபிளிப் ஃபிளாப்’ வந்தது. அதன் வளையம் சரியான வட்டம். நேர்த்தடத்திலிருந்து வட்டத்துக்குள் நுழையும் நொடியிலேயே முழு விசையும் உடலைத் தாக்கியதால் பயணிகளின் கழுத்தும் முதுகும் நொந்தன. நுழைவில் விரிந்தும் உச்சியில் குறுகியும் வளையும் கண்ணீர்த்துளி வடிவ வளையம் 1976இல் கலிஃபோர்னியாவில் வெர்னர் ஸ்டெங்கலின் கணக்கீட்டில் உருவாகும் வரை இந்தச் சிக்கல் தீரவில்லை.

இந்த வரலாற்றின் நடுநாயகம் மில்லர்தான். வண்டி மேடேறும்போது அடியில் ‘கடக் கடக்’ என்று கேட்கும் ஒலி பலருக்கு அச்சமூட்டுவது. உண்மையில் அது மில்லரின் கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும் ஓசை. சங்கிலி அறுந்தாலும் வண்டி ஒரு பல்லுக்கு மேல் பின்வாங்காது. அவர் 1919இல் காப்புரிமை பெற்ற இன்னொரு கருவி தடத்தின் அடிப்புறத்தைப் பற்றி ஓடும் சக்கரம். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று சக்கரங்கள் தடத்தைக் கவ்விக்கொண்டதும் வண்டி மேலெழும்பிப் பறப்பது நின்றது. செங்குத்தான இறக்கங்களை அமைக்கும் துணிவும் அதிலிருந்தே பிறந்தது. பாதுகாப்பு கேளிக்கையைக் குறைக்கும் என்று இன்றும் வாதிடுவோருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

மூன்றாவது பாய்ச்சல் ரயில்வேயிடம் கற்றது. 1959இல் டிஸ்னிலாந்தின் மேட்டர்ஹார்ன், குழாய் வடிவ எஃகுத் தடத்தில் ஒரே நேரத்தில் பல வண்டிகளை ஓட்டிக் காட்டியது. பல வண்டிகள் ஓடினால் ஒன்றோடொன்று மோதும் ஆபத்தும் உண்டு. எனவே தடம் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு தொகுதியில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம். முன்னால் உள்ளது வெளியேறாவிட்டால் பின்னால் வருவதைத் தடை தானாகப் பிடித்து நிறுத்திவிடும்.

விதிகள் மெதுவாகவே வந்தன. அமெரிக்காவில் கேளிக்கை ஊர்திகளின் தரநிலைகளுக்கான எஃப்24 குழு 1978இல் அமைந்தது. ஆனால் 1981இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நிலையான பூங்காக்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கிவிட்டது. அது பெரும்பிழை என்றே கருதுகிறேன். ஐரோப்பாவின் பொதுத் தரநிலை 2004இல்தான் வெளியானது.

இதற்கிடையே விபத்துகளின் இயல்பு மாறியது. 1986இல் கனடாவின் எட்மன்டனில் ‘மைண்ட்பெண்டர்’ வண்டியின் சக்கரத் தொகுதியில் போல்ட்டுகள் தளர்ந்து மூவர் இறந்தனர். 2007இல் ஒசாகாவின் எக்ஸ்போலாண்டில் உலோகக் களைப்பால் அச்சு முறிந்து ஒருவர் இறந்தார்; 1992இல் ஓடத் தொடங்கிய நாள்முதல் அந்த அச்சு மாற்றப்படவே இல்லை. இரண்டிலும் வடிவமைப்பை விடப் பராமரிப்பில்தான் பிழை இருந்தது.

2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் நடந்தது இன்னும் கொடியது, ஏனெனில் அன்று பாதுகாப்புக் கருவி சரியாகவே வேலை செய்தது. ‘ஸ்மைலர்’ தடத்தில் கூடுதலாக ஒரு வண்டி சேர்க்கப்பட்டிருந்தது. சோதனைக்காக அனுப்பிய வெற்று வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. கணினி அதை உணர்ந்து அடுத்த வண்டியை மேட்டின் உச்சியில் நிறுத்தியது. தடத்தில் எத்தனை வண்டிகள் இருந்தன என்பதில் குழம்பிய பொறியாளர்கள், கணினிதான் தவறுகிறது என்று எண்ணி அந்தத் தடையை நீக்கினர். பயணிகளுடன் இறங்கிய வண்டி வெற்று வண்டியில் மோதிப் பதினாறு பேர் காயமடைந்தனர். இரண்டு இளம்பெண்கள் தலா ஒரு காலை இழந்தனர். தனி ஊழியர்மீது பழி போடாமல், முறையான பயிற்சியும் மேற்பார்வையும் தராத நிர்வாகத்தையே விசாரணை குற்றம் சாட்டியது. 2016இல் பூங்காவை நடத்தும் மெர்லின் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

அபராதம் நியாயமானதே. எனினும் வண்டியை மீண்டும் ஓடவைக்கும் அவசரத்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் முணுமுணுப்பும் ஒரு காரணமாகிவிடக் கூடும். அடுத்தமுறை நீங்கள் வரிசையில் நிற்கும்போது வண்டி மேட்டில் நின்றுவிட்டால், ஊழியர்களை அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் தடத்தை முழுக்க நடந்து பார்த்து வண்டிகளை எண்ணி முடிக்கட்டும்.