விமானப் பயணத்தில் வகுப்பு உயர்வு: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து ஒரே விமானத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இலண்டனிற் சென்று இறங்கும் இரு பிரயாணிகளுள் ஒருவர் கட்டிலாக விரியும் ஆசனத்திற் படுத்துறங்குகின்றார். மற்றவர் முன்னாசனத்தில் முழங்கால் இடிபட, பத்து மணித்தியாலங்களுக்கு மேல் அமர்ந்திருக்கின்றார். இவ்விருவரையும் பிரித்து நிற்பது ஒரு திரைச்சீலையே. மேலதிகப் பணம் கொடாமலே அத்திரையைக் கடந்துவிடலாம் என்ற நம்பிக்கையை மக்களிடையே விதைத்தவை ‘அடிக்கடி பறப்போர் திட்டங்கள்’ எனப்படும் சலுகைத் திட்டங்களாகும். அந்நம்பிக்கை எவ்வாறு தோன்றியது, இன்று ஏன் தேய்ந்து வருகின்றது என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வகுப்பு உயர்வு என்பது விசுவாசத்திற்கு அளிக்கப்பட்ட பரிசு என்று பலரும் கருதுவர். ஆனால் விற்க முடியாது எஞ்சிய ஆசனத்தைப் பங்கிடும் முறையாகவே அது பெரிதும் இருந்துவந்துள்ளது என்பது எமது துணிபு.

உயர்வு என்று ஒன்று இருப்பதற்கு முதலில் தாழ்வு என்று ஒன்று இருத்தல் வேண்டும். வட அத்திலாந்திக் விமானப் பாதையில் 1952 மே மாதத்திற் குறைந்த கட்டணத்துடனான சுற்றுலா வகுப்பு அறிமுகமாயிற்று. 1958 இற் சிக்கன வகுப்புத் தோன்றியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அப்பாதையில் ஜெற் விமானங்களும் பிரயாணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கின. 1970 ஜனவரியில் நியூயோர்க்கிலிருந்து இலண்டனுக்குப் பறந்த போயிங் 747 விமானம் முன்னூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்ற வல்லதாயிருந்தது. விமானங்கள் பெருத்த வேகத்திற்கு ஏற்பப் பிரயாணிகள் பெருகவில்லை. 1973 இன் எண்ணெய் நெருக்கடி நிலைமையை மேலும் மோசமாக்கியது. வெற்றாசனம் என்னும் பிரச்சினை இவ்வாறு விசுவரூபம் எடுத்தது. மீனும் பூவும் மாலையில் மலிவு விலைக்காவது போகும். விமான ஆசனமோ கதவு மூடப்பட்ட கணத்திலேயே பெறுமதியற்றுப் போகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அரசாங்க சபையொன்றே விமானக் கட்டணங்களையும் பாதைகளையும் கட்டுப்படுத்தி வந்தது. விலையிற் போட்டியிட இயலாத கொம்பனிகள் உணவிலும் உபசரிப்பிலும் போட்டியிட்டன. 1978 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் கையொப்பமிட்ட சட்டம் இக்கட்டுப்பாட்டை நீக்க வழிவகுத்தது. கட்டணங்கள் வீழ்ந்தன, பிரயாணிகள் மலிவைத் தேடி ஒரு கொம்பனியை விட்டு மற்றதற்குத் தாவினர். முழுக் கட்டணம் செலுத்திய வணிகப் பிரயாணி, அதில் ஒரு சிறு பகுதியையே செலுத்தியவருக்கு அருகில் அமர்ந்திருக்க நேர்ந்தது. அவரது மனக்குறையைத் தீர்க்கும் முயற்சியின் விளைவாக, 1970களின் இறுதியிற் பல நிறுவனங்கள் முதல் வகுப்பிற்கும் சிக்கன வகுப்பிற்கும் இடையில் வணிக வகுப்பு என்னும் நடுப்படியை அமைத்தன.

இப்பின்னணியில், 1981 மே 1 ஆந் திகதி அமெரிக்கன் எயர்லைன்ஸ் தனது ‘அட்வான்ரேஜ்’ திட்டத்தை ஆரம்பித்தது. யுனைற்றட் நிறுவனம் சில நாட்களுக்குள்ளேயே அதனைப் பின்பற்றியது. அடிக்கடி பறப்பவர் யார் என்பதை அமெரிக்கன் எயர்லைன்ஸ் அறிந்துகொண்ட விதம் சுவையானது. ‘சேபர்’ என்னும் பதிவுக் கணனியில் மீண்டும் மீண்டும் தோன்றிய தொலைபேசி இலக்கங்களைக் கொண்டே அவர்களை அது இனங்கண்டது. பறந்த மைல்கள் கணக்கில் வைக்கப்பட்டன. போதிய மைல்களைச் சேர்த்தோர் இலவசப் பிரயாணத்தையோ உயர் வகுப்பையோ பெற்றனர். அதுவரை விமான நிலைய அலுவலரின் தயவில் தங்கியிருந்த ஒரு சலுகை இதனால் எழுதப்பட்ட விதியாக மாறிற்று. விசுவாசத்தின் அளவுகோல் தூரமாக இருந்தது என்பது இங்கு கருதத்தக்கது. மலிவான சீட்டில் ஆயிரம் மைல் பறந்தவரும் விலைகூடிய சீட்டில் ஆயிரம் மைல் பறந்தவரும் பெரும்பாலும் ஒரே அளவினராகவே எண்ணப்பட்டனர்.

ஆயின், பரிசளிக்கக் கற்றுக்கொடுத்த அதே கணனி, பரிசளிக்க ஆசனமே எஞ்சாதிருக்கும் வித்தையையும் கற்றுக்கொடுத்தது. மலிவுச் சீட்டை எதுவரை விற்கலாம், பின்னர் வரக்கூடிய விலைகூடிய பிரயாணிக்காக எத்தனை ஆசனங்களை ஒதுக்கி வைக்கலாம் என்பதற்கான கணித விதியைப் பிரித்தானியாவின் பீ.ஓ.ஏ.சி. நிறுவனத்தைச் சேர்ந்த கென் லிற்றில்வூட் 1972 இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். 1980களில் அமெரிக்க நிறுவனங்கள் இச்சிந்தனையை விரிவாக நடைமுறைப்படுத்தின. ஒரு கரம் வெற்றாசனத்தை வாக்களிக்க, மறுகரம் வெற்றாசனத்தை ஒழிக்க முயன்றது. வகுப்பு உயர்வின் பிற்கால வரலாறு முழுவதும் இம்முரண்பாட்டின் வரலாறே எனலாம்.

நெடுந்தூரப் பயணங்களில் இம்முரண்பாடு கூர்மையடைகின்றது. அமெரிக்க உள்நாட்டுச் சேவைகளில் உயர்தர உறுப்பினருக்கு இலவச உயர்வு வழங்குவது வழக்கமாயிற்று. கடல் கடந்த சேவைகளிலோ மைல்களைச் செலவிட்டோ, விசேட உரிமைச் சீட்டைக் கொடுத்தோ, சில வேளைகளில் மேலதிகப் பணத்தையும் சேர்த்தோதான் உயர்வு பெறவேண்டியுள்ளது. அதற்கும் நிறுவனம் ஆசனத்தை ‘விடுவித்தல்’ வேண்டும். மிக மலிவான சீட்டுகள் பலவற்றிற்கு இவ்வுரிமையே கிடையாது. பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் 2000 ஆம் ஆண்டில் வணிக வகுப்பிலும் முற்றாகப் படுக்கையாகும் ஆசனத்தை அமைத்தது. ஏனையோரும் அவ்வழி சென்றனர். ஆசனம் கட்டிலானதும் அதன் விலை ஏறியது. இலவசமாகக் கொடுக்கும் மனம் சுருங்கியது. 1990களின் தொடக்கத்திற் தாய்வானின் ஈவா எயரும் பிரித்தானியாவின் வேர்ஜின் அத்திலாந்திக்கும் அறிமுகப்படுத்திய மேம்பட்ட சிக்கன வகுப்பு இடையில் இன்னொரு படியைச் சேர்த்தது. உயர்வு பெரும்பாலும் ஒரு படியளவிலேயே வழங்கப்படுவதால், சிக்கன வகுப்பினருக்குக் கட்டில் மேலும் எட்டாத் தூரத்திற்குச் சென்றது.

பிரயாணி கேளாமலே கிடைக்கும் உயர்வும் உண்டு. பதிவு செய்தோர் சிலர் வாராதொழிவர் என்ற கணிப்பில், உள்ள ஆசனங்களுக்கு மேலாகச் சீட்டுகள் விற்கப்படுகின்றன. கணிப்புப் பிழைத்துச் சிக்கன வகுப்பு நிரம்பி வழியுமாயின், சிலர் மேல் வகுப்பிற்கு மாற்றப்படுவர். நல்லுடையும் இன்சொல்லும் இதற்கு உதவுமென்பது பழைய நம்பிக்கை. இன்று உறுப்பினர் தரத்தையும் செலுத்திய கட்டணத்தையும் கொண்டு கணனி ஆக்கிய வரிசையே பெரும்பாலும் இதனைத் தீர்மானிக்கின்றது.

நமது நாட்டின் ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ், 1979 இல் எயர்லங்காவாகப் பறக்கத் தொடங்கிய நிறுவனம், 2014 மே மாதத்தில் ‘வண்வேர்ல்ட்’ கூட்டணியில் இணைந்தது. அதில் உயர்தரம் பெற்ற நம்மவர் ஒருவரின் தகுதியைக் கூட்டணியின் ஏனைய நிறுவனங்களும் ஏற்றுக்கொள்ளும். ஓய்வறை, மேலதிகப் பொதி, முன்னுரிமை வரிசை என்பன அவருக்குக் கிடைக்கலாம். வகுப்பு உயர்வு கூட்டணியின் பொது உரிமையன்று. மதிப்பைப் பகிர்ந்துகொள்ள முன்வந்த நிறுவனங்கள் ஆசனத்தைப் பகிர முன்வரவில்லை.

இறுதி மாற்றம் அளவுகோலிலேயே நிகழ்ந்தது. 1987 இல் அமெரிக்கன் எயர்லைன்சும் சிற்றி வங்கியும் இணைந்து கடனட்டையொன்றை வெளியிட்டபின், விமானத்தில் ஏறாமலே மைல்களைச் சேர்த்தல் இயல்வதாயிற்று. பெருகிய மைல்கள், பெருகிய நாணயம்போற் பெறுமதி இழந்தன. 2015 இல் டெல்ற்றாவும் யுனைற்றட்டும், 2016 இல் அமெரிக்கன் எயர்லைன்சும் தூரத்திற்குப் பதிலாகச் செலவிட்ட பணத்தைக் கொண்டு மைல் வழங்கத் தொடங்கின. 2025 ஏப்ரலிற் பிரிட்டிஷ் எயர்வேய்சும் தன் உறுப்பினர் தரத்தைச் செலவின் அடிப்படையில் அமைத்தது. டெல்ற்றாவின் தலைமை அலுவலர்கள் முதலீட்டாளருக்குக் கூறிய கணக்கின்படி, 2010 ஆம் ஆண்டளவில் அதன் உள்நாட்டு முதல் வகுப்பு ஆசனங்களுள் எட்டில் ஒரு பங்கு அளவே பணத்திற்கு விற்பனையாயின. 2024 அளவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விற்பனையாயின. தாராளமாக உயர்வு வழங்கப்பட்ட உள்நாட்டுச் சேவைகளின் நிலையே இதுவாயின், நெடுந்தூரச் சேவைகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

பெருந்தொற்றினால் விமானங்கள் முடங்கிக் கிடந்த 2020 இல், யுனைற்றட் தனது மைல் திட்டத்தை ஈடுவைத்து 680 கோடி டொலரைத் திரட்டியது. அடுத்த ஆண்டு அமெரிக்கன் எயர்லைன்ஸ் அவ்வாறே 1000 கோடி டொலரைப் பெற்றது. பிரயாணியின் விசுவாசம் ஈடுவைக்கத்தக்க சொத்தாகியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலிவுச் சீட்டில் ஊர் திரும்பும் தொழிலாளிக்கும், பிள்ளைகளைக் காணக் கடல் கடக்கும் பெற்றோருக்கும் இவ்வாய்ப்பு மிகச் சிறிதே. அது அவர்களது தகுதிக் குறைவாலன்று. அவர்கள் கடக்கும் தூரம் எத்துணை நீண்டதாயினும், இன்றைய அளவுகோல் தூரத்தை அளப்பதில்லை. மைல் சேர்ப்பதற்காகக் கூடிய விலைக்குச் சீட்டு வாங்குபவர், இறுதியில் அந்த ஆசனத்தின் விலையைத் தாமே தவணை முறையிற் செலுத்துகின்றார். 1981 இல் வெற்றாசனத்தை நிரப்பத் தோன்றிய திட்டங்கள் வெற்றாசனம் அருகிய பின்னரும் வாழ்கின்றன. இன்று அவை பெரிதும் விற்பது ஆசனத்தையன்று, அதனைப் பெறலாம் என்ற எதிர்பார்ப்பையே ஆகும்.