ஊவாவில் ஆட்டம் பார்த்த இடங்கள்

பதுளை பழமை வாய்ந்த ஊர். மலைகள் அரணாகச் சூழ்ந்து நிற்கும் பள்ளத்தாக்கில் அமைந்த இந்நகரம் கண்டியரசர் காலத்திலேயே ஊவாப் பகுதியின் தலைமையிடமாக விளங்கியது. முதியங்கனை விகாரையும் கதிர்காமத் தேவாலயமும் அதன் தொன்மைக்குச் சான்றுகள். ஆங்கிலேயர் எழுப்பிய புனித மாற்கு தேவாலயம் அவர்தம் காலத்தின் எச்சமாக நிற்கின்றது. கொழும்பிலிருந்து மலையேறி வரும் இருப்புப் பாதை 1924ஆம் ஆண்டில் இந்நகரை வந்தடைந்தது. இன்றும் அதன் கடைசி நிலையம் பதுளையே.

முக்கியமான கிரிக்கெட் ஆட்டம் நடைபெறும் நாளில் இந்நகரில் வந்திறங்கும் வெளியூரார் ஒருவர், "ஆட்டம் பார்க்க நல்ல இடம் எது?" என்று வினவுதல் இயல்பு. தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்கும் உணவு விடுதியையோ மதுச்சாலையையோ எவரேனும் அவருக்குக் காட்டுவர். ஆனால் இவ்வினா புதியதன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஊவாவின் மக்கள் ஆட்டங்களை எங்கெங்கே கூடிக் கண்டனர், கேட்டனர் என்று ஆராய்ந்தால், அங்கே யாருக்கு இருக்கை கிடைத்தது, யார் வாயிலில் நின்றனர் என்ற வரலாறும் உடன் வெளிப்படும்.

தொடக்க காலத்தில் துரைமார் வழக்கில் விளையாட்டு என்பது வேட்டையையே பெரிதும் குறித்தது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக விளங்கிய மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பெயர் பெற்றவர். அவர் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி தாக்கி மாண்டார். மேலே குறிப்பிட்ட புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகவே எழுந்தது.

பின்னர்க் காப்பித் தோட்டங்கள் பெருகின. 1869ஆம் ஆண்டில் இதே ஊவாவிலுள்ள மடுல்சீமையிலேதான் காப்பி இலைநோய் முதன்முதலில் இலங்கையில் கண்டறியப்பட்டது. காப்பி அழிந்த நிலத்தில் தேயிலை தழைத்தது. தேயிலையோடு துரைமாரின் கழகங்களும் நிலைபெற்றன. பகலெல்லாம் தனித்தனித் தோட்டங்களில் இருந்த துரைமார் மாலையிலும் வாரக் கடைசியிலும் கூடிக் களிக்கும் இடங்கள் அவை. பந்தாட்ட மைதானம், டென்னிஸ் தளம், பில்லியர்ட் மேசை, மதுக்கூடம் ஆகியன அவற்றின் உறுப்புகள். ஊவா ஜிம்கானா கழகத்தின் றகர் அணி கிளிஃபர்ட் கிண்ணத்துக்காகப் பிற மலைநாட்டு அணிகளோடும் கொழும்பு அணிகளோடும் பொருதியது. ஆட்டம் முடிந்ததும் வென்றோரும் தோற்றோரும் மதுக்கூடத்தில் அமர்ந்து அதனை மீண்டும் ஒருமுறை பேசித் தீர்ப்பர். ஆட்டம் பார்க்க நல்ல மதுச்சாலை எதுவென்று அந்நாளில் ஒருவர் வினவியிருப்பின், விடை ஐயமின்றிக் கழகமே. ஆனால் அக்கழகத்தின் தரையைத் துடைத்தவரும், மேசையில் கிண்ணங்களை வைத்தவரும், மைதானத்துப் புல்லை வெட்டியவரும் அங்கே உட்கார உரிமையற்றவர். தோட்டத் தொழிலாளிக்கு ஆட்டம் மைதானத்தின் வேலிக்கு அப்பால் நின்று காணும் காட்சியாகவே இருந்தது.

தொழிலாளிக்கென இருந்த மதுச்சாலை தவறணை. சாராயக் குத்தகையும் கள்ளுக் குத்தகையும் குடியேற்ற அரசின் வருவாய்க்குப் பெருந்துணையாக இருந்தன. 1912ஆம் ஆண்டளவில் நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்ததற்குத் தவறணைகளின் பெருக்கமே முதற் காரணம். தோட்டத்துச் சம்பள நாளில் தவறணை நிரம்பும். அன்றிரவு லயத்தில் அடுப்பு எரியாத வீடுகளும் உண்டு. நின்று குடித்து, கடனைத் தீர்த்து, மேலும் கடன்பட்டு வெளியேறும் அவ்விடத்தில் ஓர் ஆட்டத்தை அமைதியாய் இருந்து சுவைக்க இடமேது? மதுச்சாலையும் ஆட்டமும் துரைமார் வாழ்வில் இணைபிரியாதிருக்க, தொழிலாளர் வாழ்வில் அவை பிரிந்தே நின்றன.

அவ்வாழ்வில் ஆட்டத்துக்கு இடந்தந்தது கடைவீதியின் தேநீர்க் கடையே. முதலில் அங்கே செய்தித்தாள் வந்தது. 1930ஆம் ஆண்டில் வீரகேசரியும் அதன்பின் 1932இல் தினகரனும் வெளிவரத் தொடங்கின. கொழும்பில் அச்சான தாள் புகைவண்டியேறி மலைநாட்டுக்கு வரும். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாதோர் சுற்றிலும் இருந்து கேட்பர். நேற்றைய ஆட்டம் இன்றைய பேச்சாயிற்று. ஒரு கிண்ணத் தேநீர்க்குக் காசு கொடுத்தவர் எவராயினும் அந்தப் பலகையில் அமரலாம்.

அடுத்து வந்தது வானொலி. இலங்கையில் 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பிலிருந்து ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. தந்திப் பொறியியலாளரான எட்வர்ட் ஹார்ப்பர் இதற்கு முன்னின்றவர். 1949இல் அது இலங்கை வானொலி என்னும் பெயர் பூண்டது. முதலில் பங்களாக்களிலும் கழகங்களிலும் வீற்றிருந்த வானொலிப் பெட்டி, காலப்போக்கில் கடைவீதிக்கு இறங்கியது. டிரான்சிஸ்டர் வந்த பின்னரோ, மின்சாரமே காணாத லயத்துக்குள்ளும் நான்கு மின்கலங்களின் துணையோடு அது புகுந்தது. ஆட்ட வருணனை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது. கேட்போரில் பலருக்கு அம்மொழி தெரியாது. எனினும் வருணனையாளரின் குரல் உயர்வதும், கூட்டத்தின் ஆரவாரம் பொங்குவதும், ஓட்ட எண்ணிக்கையைக் கடைக்காரர் கரும்பலகையில் எழுதுவதும் போதுமானவையாக இருந்தன. சேப்பாக்கத்து டெஸ்ட் ஆட்டங்களைச் சென்னை வானொலி தமிழிலேயே வருணிக்கத் தொடங்கிய காலத்தில், கூத்தபிரானும் அப்துல் ஜப்பாரும் கிரிக்கெட்டை வீட்டு மொழியில் பேச வைத்தனர். பந்து எங்கே விழுந்தது, எவ்வாறு திரும்பியது என்பதைத் தமிழ் கேட்டுத் தமிழர் அறிந்தனர்.

ஆனால் ஆட்டம் கேட்போரிடம் ஒரு வினா எப்போதும் எழும்: நீ எந்தக் கட்சி? ஊவாத் தோட்டங்களில் இவ்வினாவுக்கு விளையாட்டை மிஞ்சிய பொருள் இருந்தது. 1948ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் டொனால்ட் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடியது. நாடே அவரைக் கொண்டாடிற்று. அதே ஆண்டில்தான் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, தலைமுறைகளாகத் தேயிலையைப் பேணிய மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. முந்திய ஆண்டில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1949இல் வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. அது 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர்த் தீர்மானிக்க ஒதுக்கியது. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டோடும் தம்பி இலங்கை விண்ணப்பத்தோடும் வாழ்ந்தனர். வானொலியின் முன்னே அமர்ந்த அவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுவது?

தொலைக்காட்சி இந்நிலையில் வந்தது. 1979ஆம் ஆண்டு ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்புப் பகுதிக்குத் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. நாடளாவிய ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ஆரம்பமானது. இரண்டே நாள் கழித்து, பெப்ரவரி 17ஆம் நாள், இலங்கை அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. அவ்வாட்டம் நடந்த கொழும்பு அரங்கு பி. சரவணமுத்து என்ற தமிழரின் பெயரைத் தாங்கியது என்பது இங்கே நினைத்தற்குரியது.

1983 யூன் 25ஆம் நாள் லோர்ட்ஸ் மைதானத்தில் இந்திய அணி மேற்கிந்தியரை 43 ஓட்டங்களால் வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. கபில்தேவின் பெயர் மலைநாட்டு மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. அதற்கு 32 நாட்களின் பின், யூலை 27ஆம் நாள் நண்பகலில், பதுளைக் கடைவீதி தீக்கிரையாயிற்று. கொழும்பில் மூண்ட வன்செயல் ஊவாவையும் வந்தடைந்து, தமிழரின் கடைகளையும் வீடுகளையும் எரித்தது. பின் ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை, லுணுகலை எனப் பரவிற்று. எரிந்த கடைகளோடு மக்கள் கூடும் இடங்களும் அழிந்தன. கடைகளைப் பின்னர் மீண்டும் கட்டலாம். அச்சமின்றி அங்கே சென்று அமரும் மனத்தை மீட்பது எளிதன்று. இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும், வாய் திறந்து ஓர் அணியைப் புகழ்வதற்கும் நாற்புறம் நோக்க வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது.

ஆகவே ஆட்டம் லயத்துக்குள் வந்தது. பெரும்பாலான லயங்களுக்கு அப்போது மின்சாரம் எட்டவில்லை. மோட்டார் வண்டியின் பற்றறியை நகரில் மின்னேற்றி, தோளிற் சுமந்து வந்து, கறுப்பு வெள்ளைப் பெட்டியோடு இணைப்பர். பெட்டி ஒரு வீட்டுக்குரியது; பார்வையோ பல வீடுகளுக்கு உரியது. சிறுவர் தரையிலும் முதியோர் கட்டிலிலும் ஏனையோர் வாசற்படியிலும் சன்னலோரத்திலும் இடங்கொள்வர். இங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கழகம் ஆடவருடையது, தவறணை ஆடவருடையது, கடைவீதித் தேநீர்க் கடையும் பெரும்பாலும் ஆடவருடையதே. தேயிலைக் கொழுந்தின் பெரும்பகுதியைக் கொய்த பெண்கள் இவற்றுள் எதிலும் அமர்ந்து ஆட்டம் பார்த்தவரல்லர். லயத்து வாசற்படியில்தான் கூடையை இறக்கிவைத்த பெண்ணும் ஓர் ஆட்டத்தின் நடுவிலிருந்து முடிவுவரை காண நேர்ந்தது.

1996 மார்ச் 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் பிரட்டுக்களம் இல்லாத நாள். லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் எடுத்தது. இலங்கை 3 விக்கெட்டுகளை மட்டும் இழந்து 245 ஓட்டங்கள் பெற்று வென்றது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் குவித்தார். அவ்வணியில் பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களை மட்டும் கொடுத்து ஒரு விக்கெட்டை வீழ்த்திய முத்தையா முரளிதரன், 1920ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்த ஒருவரின் பேரர். அன்று திரையில் அவர் பந்து வீச வந்தபோது, பெட்டியின் முன்னிருந்தோருள் இன்னமும் எந்நாட்டுக் குடியுரிமையும் பெறாதார் இருந்தனர். எஞ்சிய நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. சட்டத்துக்கு ஏழாண்டு முன்பே அவர்கள் "நாம் வென்றோம்" என்று சொல்லிக்கொண்டனர்.

1990ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசியலாளர் நோர்மன் டெபிட், குடியேறியோர் எந்தக் கிரிக்கெட் அணியை ஆதரிக்கின்றனர் என்பதை அவர்தம் நாட்டுப்பற்றுக்கு உரைகல்லாகக் கூறியதை நேயர்கள் அறிந்திருக்கலாம். அவ்வுரைகல் ஊவாவுக்குப் பொருந்துவதில்லை. 2011 ஏப்பிரல் 2ஆம் நாள் மும்பாயில் இந்தியாவும் இலங்கையும் உலகக் கிண்ணத்துக்காகப் பொருதின. முரளிதரனின் இறுதிச் சர்வதேச ஆட்டமும் அதுவே. இந்தியா வென்றது. ஒரே வீட்டில் ஒருவர் மகிழ்ந்து மற்றவர் வருந்தியிருக்கலாம். அதனால் எவரும் பற்றுக் குறைந்தவராகிவிடார். எதிரணிக்குக் கைதட்டிய அயலவருக்கும் அதே பலகையில் இடமளிக்கும் சமூகமே நலமுடைய சமூகம்.

இன்று பதுளையில் விளையாட்டைக் காட்டும் உணவு விடுதிகளும் மதுச்சாலைகளும் உள்ளன. போயா நாட்களில் மதுச்சாலைகள் மூடப்படும் என்பதை வருவோர் மனத்திற்கொள்ளல் வேண்டும். 1979ஆம் ஆண்டின் கலால் அறிவித்தல் ஒன்று மதுச்சாலை வளாகத்தில் பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. 2018 சனவரியில் அத்தடை நீக்கப்பட்டு, சில நாட்களுக்குள்ளேயே மீண்டும் விதிக்கப்பட்டது. மது எவருக்கும் நன்றன்று என்போர் இதனைப் பெரிதாகக் கருதார். ஆயினும் ஊர்ப் பொதுவிடத்தில் யாருக்கு இருக்கை உண்டு என்ற பழைய வினா இன்னும் தீரவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நல்ல இடம் எதுவென்று வினவும் வெளியூரார் திரையின் அகலத்தை மட்டும் நோக்காதிருப்பாராக. வேலை முடிந்து வந்த தோட்டத் தொழிலாளி அங்கே தயங்காமல் நுழைகின்றாரா, அவர் மனைவியும் மகளும் உடன் அமர இயலுமா, தோற்ற அணிக்குக் கைதட்டியவர் அச்சமின்றி எழுந்து வீடு செல்கின்றாரா என்பவற்றையும் நோக்குவாராக. இம்மூன்றும் பொருந்திய கடை, ஒற்றைப் பலகையும் ஒரு பழைய பெட்டியும் மட்டுமே உடையதாயினும், ஊவாவில் ஆட்டம் பார்க்கச் சிறந்த இடமாகும்.