செம்மொழிப் பூங்கா: பெயரும் பயிரும்

திருவள்ளூர் மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் சில மரங்களின் நினைவைச் சுமந்து நிற்பன. ஆலமரத்தால் பெயர்பெற்றது திருவாலங்காடு. வேலமரத்தால் பெயர்பெற்றது திருவேற்காடு. மூங்கிலால் பெயர்பெற்றது திருப்பாசூர். மரங்கள் அருகிப்போயினும் பெயர்கள் நிலைத்துள்ளன. பெயர் மட்டும் நின்றால் போதுமா? இவ்வினாவை நெஞ்சிற்கொண்டு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து மின்தொடர்வண்டியில் சென்னைக்குச் செல்வோர், கதீட்ரல் சாலையிலுள்ள செம்மொழிப் பூங்காவில் சிந்தனைக்குரிய செய்திகள் பலவற்றைக் காணலாம்.

தோட்டத்தின் வரலாறு

இப்பூங்கா 2010ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதியால் திறந்து வைக்கப்பெற்றது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்த ஆண்டும் அதுவே. ஆயின் இந்நிலத்தின் தோட்ட வரலாறு அதனினும் பழமையானது. 1835இல் சென்னையில் நிறுவப்பெற்ற வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த நிலம் இது. இதில் 1962இல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் தோன்றியது. 2008இல் அது மூடப்பெற்றபின், அங்கு நின்ற பழைய மரங்களைக் காத்துப் பூங்கா அமைக்கப்பெற்றது.

அச்சங்கத்தின் தொடக்ககாலச் செயலாளருள் ஒருவர் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராக வந்து தாவரவியலில் தோய்ந்தவர் அவர். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட இந்தியத் தாவரப் படநூலில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றை வரைந்தோருள் தலையாயவர் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர். கோவிந்துவைச் சிறப்பிக்க ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்கு அவர் பெயரையே வைட் சூட்டினார். பின்வந்த தாவரவியலார் அதனை வேறொரு பேரினத்துள் அடக்கினர்; ஓவியரின் பெயரும் வழக்கொழிந்தது.

உதிர்ந்த மலர்கள்

பெயர் உதிர்தல் ஏட்டுலகிலும் நிகழ்ந்ததுண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படக் கூறியுள்ளார் என்பர். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, கிடைத்த ஏடுகளில் அம்மலர்ப் பகுதி சிதைந்திருந்தது. தருமபுர ஆதீனத்து ஏட்டில் விடுபட்ட மலர்ப்பெயர்களைக் கண்டெடுத்தார் அவர். 1889இல் நூல் வெளிவந்தது. அவ்வேடு கிட்டாதிருப்பின் அம்மலர்கள் பாட்டிலும் இல்லாது போயிருக்கும்.

ஏட்டிலிருந்து பெயரை மீட்டார் ஒருவர். தாளில் உருவைக் காத்தனர் இருவர். பெயரையும் உருவையும் பொருத்திக் காணும் பணி இன்னும் நிறைவுறவில்லை. சங்க மலர்ப்பெயர்களுள் சில எச்செடியைக் குறிப்பன என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இந்நிலையில் வேங்கையையும் ஞாழலையும் நேரில் காணாது அவற்றின் பெயரை மட்டும் கவிதையில் பெய்வது, பொருளறியாச் சொல்லை ஆள்வதற்கு ஒப்பாகும்.

கபிலர் மலரைக் கண்டு பெயர் மொழிந்தார். இன்றைய கவிஞர் பெயரைக் கற்று மலரைத் தேடிச் செல்ல வேண்டியுள்ளது. செம்மொழியின் பெயரைத் தாங்கிய பூங்காவில் ஒருநாள் நடந்து, ஒரு செடியையேனும் இனங்கண்டு திரும்புவது அத்தேடலுக்கு நல்ல தொடக்கமாக அமையும்.