உள்ளங்கையில் எழுதிய பரிசு

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் ஏதாவதொரு பள்ளி வகுப்பில் நுழைந்தால் சுவரில் ஸ்டார் பட்டியலும், சட்டையில் பேட்ஜ் குத்திய மானிட்டரும் கண்ணில் படக்கூடும். இரண்டும் ஆங்கிலேயர் கொண்டுவந்தவை என்றே நினைக்கிறோம். ஆனால் மானிட்டர் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பி வந்தவர்.

1823-ல் சென்னை மாகாணத்தின் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு எழுதினார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாமவனுக்குச் சுழி, புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து ஒவ்வொன்று கூடும். 'ஏனப்பா தாமதம்?' என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் காம்ப்பெல் மெச்சினார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது சரியே என்றார்.

அது இங்கிலாந்து போனதே தற்செயல்தான். 1789-ல் சென்னை எழும்பூரின் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்றவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். ஒருநாள் குதிரையில் போகும்போது பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னார்; ஆசிரியர்கள் மசியவில்லை. அங்கே படித்த எட்டு வயது ஜான் ஃப்ரிஸ்கனிடம் வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். 1797-ல் பெல்லின் புத்தகம் லண்டனில் வெளிவந்தது. பிள்ளைகளே மானிட்டராகிச் சொல்லிக்கொடுக்கும் 'மெட்ராஸ் முறை' பிறந்தது.

தெற்கு லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் அந்தப் புத்தகத்தைப் படித்தார், பரிசுகளை அள்ளிச் சேர்த்தார். நன்றாகப் படித்தால் சீட்டு. சீட்டு சேர்ந்தால் பந்து, மட்டை, பட்டம். சிறந்தவர்களுக்கு வெள்ளிப் பதக்கம். பிரம்பை வெறுத்த அவரே, குறும்பு செய்தவர்களைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவும் விட்டார். இந்த முறை யாருடையது என்று பெல், லங்காஸ்டர் இருவரின் ஆதரவாளர்களும் மோதிக்கொண்டு, போட்டிக்குச் சங்கம் அமைத்தார்கள். அந்தப் போட்டியே முறையை வேகமாகப் பரப்பியது. நியூயார்க் ஏற்றுக்கொண்டது. சிமோன் பொலிவாரின் ஆதரவோடு லங்காஸ்டர் வெனிசுவேலாவின் காரகாஸ் வரைக்கும் போனார்.

சீட்டு 1960-களில் மறுபிறவி எடுத்தது, அதுவும் மனநல மருத்துவமனையில். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் அய்லோன், அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் நோயாளிகளின் நற்செயல்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். வகுப்பறைகளும் டோக்கனைப் பிடித்துக்கொண்டன. 1973-ல் வந்தது ஓர் எச்சரிக்கை. படம் வரைவதில் ஆசையுள்ள மழலைகளிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவதாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சொன்னார்கள். சில நாள் கழித்து அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களின் ஆசையோ குறையவில்லை.

காம்ப்பெல் கண்ட கணக்கில் விடுபட்ட கேள்வி வேறு வழியில் பயணித்தது. 1909-ல் சிகாகோவில் வில்லியம் ஹீலி, சிறார் நீதிமன்றத்துக்கு வந்த பிள்ளைகளிடம் 'ஏன்?' என்று விசாரிக்க ஒரு நிலையம் தொடங்கினார். அந்த எண்ணம் பம்பாய்க்கும் வந்தது. 1936-ல் அமெரிக்கப் பாதிரியார் கிளிஃபர்ட் மான்ஷார்ட் தலைமையில் நாக்பாடாவில் தொடங்கிய டாட்டா சமூகப்பணிப் பள்ளி, மறு ஆண்டே இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு நிலையத்தைத் திறந்தது. டிஸ் என்று நாம் அழைக்கும் அதே நிறுவனம் 1954-ல் செம்பூரை அடுத்த தேவ்னாருக்குக் குடிபெயர்ந்தது.

2009-ன் கல்வி உரிமைச் சட்டம் அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, கவுன்சிலர்களும் சமூகப் பணியாளர்களும் பெற்றோரோடு பேசி எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு வரவைக்க வேண்டும் என்கிறது. தாராவியில் காலைத் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு ஓடிவரும் சிறுமிக்கு, நேரத்துக்கு வந்தால் மட்டுமே ஸ்டார் என்றால் அது எட்டவே எட்டாது. அவளிடம் காரணம் கேட்டு, வீட்டாரோடு பேசி, நேற்றைவிட இன்று பத்து நிமிடம் முன்னால் வந்ததைப் பாராட்ட ஓர் ஆள் வேண்டும். பள்ளிகள் ஸ்டார் வாங்கச் செலவிடுவதற்கு முன், அந்த ஆளை நியமிக்கட்டும்.