‘திங்கள்னா செஸ்ட்’ பிறந்த கதை

சேவுகம்பட்டிப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரைக் கேளுங்கள். எல்லாப் பாத்திக்கும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் எதுவும் நிறையாது. ஒன்றை அடைத்துத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்பார். ‘திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக்’ என்று ஜிம்முக்குப் போகிற பையன்கள் சொல்வதும் இந்தக் கணக்குதான். இரும்பு தூக்கியவர்களுக்கு இது பிடிபட அரை நூற்றாண்டு ஆயிற்று.

கதை நாம் போடும் பனியனில் தொடங்குகிறது. சாண்டோ பனியனுக்குப் பெயர் தந்த யூஜின் சாண்டோ 1867-இல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர். 1904-05-இல் இந்தியாவுக்கும் வந்து பலம் காட்டினார். அவர் பெயர் இங்கே பட்டமாகவே ஆனது. படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரும் ‘சாண்டோ’தான். இலகுவான டம்பெல்லைக் கொண்டு முழு உடம்புக்கும் தினமும் பயிற்சி என்பது யூஜின் சாண்டோ காட்டிய வழி. எடை குறைவு, அதனால் மறுநாளும் கை ஓடும்.

நம்மூர் இளவட்டக்கல்லுக்கு அட்டவணையே தேவைப்படவில்லை. கல்லின் எடை மாறாது. தோளைத் தாண்டிப் பின்னால் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

1902-இல் பிலடெல்பியாவில் ஆலன் கால்வர்ட் மைலோ பார்பெல் கம்பெனியைத் தொடங்கினார். எடையைக் கூட்டிக் குறைக்கும் பார்பெல் அங்கிருந்து வீடுகளுக்குப் போனது. இனி வாராவாரம் எடை ஏறலாம். ஏறிய எடை ஓய்வு கேட்டது. ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்ற வழக்கம் வந்தது; அப்போதும் ஒரே நாளில் முழு உடம்பும்தான்.

பயிற்சிகள் பெருகப் பெருக நேரம் இழுத்தது. கடைசியில் கைக்கு வரும்போது தெம்பே மிஞ்சவில்லை. 1940, 50-களில் இடுப்புக்கு மேல் ஒருநாள், கீழ் ஒருநாள் என்று பிரிக்கத் தொடங்கினார்கள். இதைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. ‘ஸ்பிளிட்’ என்ற பெயரில் பத்திரிகைகளில் பரப்பியவர் மான்ட்ரியல்காரர் ஜோ வீடர். அவர் வளர்த்த பாடிபில்டர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் காலை, மாலை என்று நாளையே இரண்டாகப் பிளந்தார். ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டதாக அர்னால்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த அட்டவணையை நாம் அப்படியே எடுக்கக் கூடாது.

கை பெருக்க நினைப்பவர் ஒன்றைக் கவனிக்கட்டும். மேற்கையின் சதையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்புறத்து ட்ரைசெப்ஸ். நெஞ்சுப் பயிற்சியில் தள்ளும்போது அதுவும் உழைக்கிறது. முதுகுக்கு இழுக்கும்போது பைசெப்ஸ் உழைக்கிறது. ஆகவே ஜோடி சேர்ப்பது எளிது: திங்கள் நெஞ்சும் ட்ரைசெப்ஸும், செவ்வாய் முதுகும் பைசெப்ஸும், புதன் கால், வெள்ளி தோளும் கையும். கைக்கு வாரம் இரண்டு முறை வந்துவிடும். ஒருமுறையைவிட இருமுறை மேல் என்றுதான் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவும் 2016-இல் எழுதியது.

வியாழனும் சனி, ஞாயிறும் காலியாக இருக்கிறதே என்று எதையாவது போட்டு நிரப்பிவிடாதீர்கள். பாய்ச்சிய தண்ணீர் ஊறுவது மடை அடைத்த பிறகுதான்.