டவுன் ஹால்: பேருந்து நிறுத்தமாகிப்போன ஒரு மண்டபத்தின் வரலாறு

பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியாக வரும் பேருந்துகள் கோவை உக்கடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து நகரப் பேருந்தில் ஏறினால், சில நிமிடங்களில் நடத்துநர் 'டவுன் ஹால்' என்று குரல் கொடுப்பார். துணி எடுப்போரும் நகை வாங்குவோரும் கோனியம்மனைத் தொழச் செல்வோரும் அங்கே இறங்குவர். அப்பெயருக்குக் காரணமான கட்டடம் மணிக்கூண்டை ஒட்டி, பெரிய கடைவீதியில் மாநகராட்சி அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அதை ஏறிட்டுப் பார்ப்பவர் மிகச் சிலரே. பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழர் எந்தெந்த அவைகளை நோக்கித் தம் குறைகளைச் சொல்லி வந்தனர் என்னும் கேள்வியோடு அலைந்தபோதுதான் இக்கட்டடத்தை நானும் நின்று பார்த்தேன்.

இதன் முழுப்பெயர் விக்டோரியா டவுன் ஹால். 1887-இல் கொண்டாடப்பட்ட பேரரசியின் பொன்விழாவை நினைவுகூர்ந்து 1892-இல் எழுந்தது. அப்போது கோவை ஒரு சிற்றூரினும் சற்றுப் பெரியது, அவ்வளவே. 1891 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 46,383. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற முதல் இருப்புப்பாதைகூட 1862-இல் ஊரைத் தொடாமல் போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்தது. கோவைக்குத் தனிக் கிளைப்பாதை வர மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. முதல் நூற்பாலை 1888-இல் தோன்றியது. அத்தகைய ஊருக்கு ஒரு பொதுமண்டபம் ஏன் வேண்டியிருந்தது?

விடையின் ஒரு பாதி சட்டத்தில் இருக்கிறது. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் ஒரே ஆண்டில், 1866-இல், ஒரே சென்னை மாகாணச் சட்டத்தின்கீழ் நகராட்சி அமைந்தது. இவ்விரு நகராட்சிகளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை இன்றைய மாநில வரைபடம் மறக்கடித்துவிட்டது. 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தன்னாட்சித் தீர்மானமும் அதைத் தொடர்ந்து 1884-இல் வந்த மாவட்ட நகராட்சிச் சட்டமும் வரி செலுத்துவோரில் ஒரு பகுதியினருக்கேனும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விரிவாக்கின. ஆட்சியரின் அறையில் கூடிக் கலையும் குழுவுக்கு மண்டபம் தேவையில்லை. ஊரார் முன்னிலையில் வாதிடும் அவைக்குத் தேவை.

மறு பாதி ஒரு மனிதர். சே.ப. நரசிம்மலு நாயுடு (1854–1922) இதழாசிரியர், பயணநூலாசிரியர், பிரம்ம சமாஜத்தவர். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குச் சென்றவர்களுள் ஒருவர். ஆங்கிலத்தில் 'கிரசன்ட்' இதழையும் தமிழில் 'கோவைக் கலாநிதி'யையும் நடத்தினார். மண்டபம் எழுந்ததில் அவர் முயற்சிக்கும் கொடைக்கும் பெரும் பங்குண்டு. முகப்புப் பெயர் அரசியினுடையது. அவரோ இந்திய மண்ணில் கால் வைத்ததே இல்லை. விசுவாசத்தின் பெயரால் திரட்டிய பணத்தைக் கொண்டு ஊர் தனக்கென ஓர் அவையைக் கட்டிக்கொண்ட சாதுரியத்தை அக்கால மாகாணத்தின் பல ஊர்களில் காணலாம்.

கட்டடக் கலை நோக்கில் ஓர் ஒப்பீடு பயன்தரும். சென்னையில் ஏறத்தாழ அதே காலத்தில் எழுந்த விக்டோரியா பொதுமண்டபத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிசம். கட்டியவர் நம்பெருமாள் செட்டி. சிசம் அதற்கு முன்பே திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கேரளக் கூரைமரபைத் தழுவி எழுப்பியிருந்தார். அத்திருவிதாங்கூர்ச் சாயலைச் சென்னை மண்டபக் கோபுரத்தின் உச்சியிலும் காணலாம். மலைக்கு அப்பாலிருந்த கூரை இவ்வாறு நெடுந்தொலைவு பயணம் செய்தது. கணவாயின் வாயிலிலேயே இருந்த கோவையோ ஐரோப்பியச் செவ்வியல் சாயலில், அடக்கமான அளவில் தன் மண்டபத்தைக் கட்டியது. எந்தப் புகழ்பெற்ற கலைஞரின் பெயரோடும் இதைச் சேர்த்துப் பேசுவதில்லை. கோயில் மண்டபத்தைப் போலக் கருவறையை நோக்கியோ, தர்பாரைப் போல அரியணையை நோக்கியோ அமையாமல், கூடியிருப்போர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுதற்கென்றே ஊர் நடுவில் எழுந்த கூடம் என்பதே இதன் புதுமை. அழகு பற்றி நான் வழக்காட மாட்டேன்.

சென்னை மண்டபம் விரைவிலேயே சுகுண விலாச சபை போன்றவற்றின் நாடக அரங்காகப் பெயர்பெற்றது. மாநகராட்சிக்குப் பின்னர் ரிப்பன் மாளிகை தனியே எழுந்தது. கோவை மண்டபத்தில் இன்றும் மாமன்றம் கூடுகிறது. கட்டிய நோக்கத்திற்கே நூறாண்டு கடந்தும் பயன்படுவது பெரும்பேறு. அதற்கும் இடைமுறிவு உண்டு. 2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கோவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. ஐந்தாண்டுக்கு மேல் அலுவலர் ஆட்சி. பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றி எழுதுவோர் சுண்ணாம்புப் பூச்சையும் ஓட்டையும் கவனிப்பர். இந்த வெறுமையை யாரும் பழுதுக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2022-இல் மன்றம் மீண்டபோது ஒரு பெண் முதன்முறையாக மேயரானார். 1892-இல் அக்கூடத்தில் பெண்ணுக்கு வாக்கும் இல்லை, இருக்கையும் இல்லை.

இவ்விடத்தில் மலைக்கு மேற்கே திரும்ப வேண்டும். இன்றைய இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டவை. அவற்றின் தலைநகரிலும் அதே அரசியின் பெயரில் 1896-இல் ஒரு ஜூபிலி டவுன் ஹால் எழுந்தது. அது ஊரார் முயற்சியில் தோன்றியதன்று, அரசு கட்டியது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை அங்கே கூடியது. 1912-இல் அச்சபையின் உறுப்பினராக அய்யன்காளி எழுந்து புலையர்க்கு நிலம் கேட்டார். பொதுச்சாலையில் நடக்கவே போராட வேண்டியிருந்த மக்களின் குரல் அது. 2019-இல் கேரள அரசு அம்மண்டபத்திற்கு அவர் பெயரையே சூட்டியது. கோவை மண்டபத்திற்கு நரசிம்மலு நாயுடு பெயரைச் சூட்டலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எனக்குத் தயக்கமே. அய்யன்காளி ஓர் அவையின் கதவைத் திறந்தவர். நாயுடு கட்டிய அவையின் கதவு அவர் காலத்தில் யாருக்கெல்லாம் திறந்தது என்பதை முதலில் ஆராய வேண்டும்.

நாயுடுவின் உண்மையான நினைவுச்சின்னம் வேறிடத்தில் இருக்கிறது. 1889 வாக்கில், குடிநீருக்குத் தவித்த கோவைக்காக அவர் மேற்கு மலைகளில் ஏறி, முத்திக்குளம் பகுதியின் சிறுவாணி நீரைக் கொண்டுவரலாம் என்று எழுதினார். மண்டபமும் தண்ணீர்த் திட்டமும் ஒரே மூளையில் ஒரே காலத்தில் கருக்கொண்டவை. திட்டம் நிறைவேற நாற்பதாண்டு பிடித்தது. 1920களின் இறுதியில்தான் சிறுவாணி நீர் ஊரை எட்டியது. முத்திக்குளம் அன்று மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலபாரும் கோவையும் ஒரே மாகாணமாதலால் கேட்பதும் கொடுப்பதும் ஒரே அரசின் கோப்புக்குள் முடிந்தன.

1956-இல் மொழிவழி எல்லை வந்தது. பாலக்காடு கேரளத்தோடு இணைந்தது. நீரின் பிறப்பிடமும் அதனோடு சென்றது. 1973-இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்தது. அணை 1984-இல் முடிந்தது. அதன் முழு மட்டம் ஏறத்தாழ 50 அடி; பாதுகாப்பைக் காரணம் காட்டி அண்மை ஆண்டுகளில் கேரளம் 45 அடி அளவிலேயே நிறுத்துகிறது. அந்த ஐந்தடி நீரே ஒவ்வொரு கோடையிலும் கோவையின் கவலை. அணைக்குக் கீழே அதே ஆறு அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் வாழும் ஊர்களின் வழியே பவானியில் சேர்கிறது. அவ்வூர்களில் எதுவும் கோவை மாமன்றத்தின் 100 வார்டுகளுக்குள் இல்லை. அவர்களது நீரைப் பற்றிய சொல் அந்தக் கூடத்தில் ஒலிக்க வழியும் இல்லை. நாயுடு மலையேறிய காலத்தில் முத்திக்குளத்திற்குச் செல்ல எந்த மாநில எல்லையையும் கடக்க வேண்டியிருக்கவில்லை. இன்று டவுன் ஹாலில் பேசப்படும் நீரின் பிறப்பிடத்தைக் காண, யாராயினும் கேரள வனத்துறையின் அனுமதிச் சீட்டோடுதான் செல்ல வேண்டும்.